ஏணிக் கம்பெனி
நியூயார்க் தீ விபத்துச் செய்தியொன்றின் தமிழாக்கத்தில் ‘ஏணி நிறுவனம் விரைந்தது’ என்றிருந்தது, மனம் பொறுக்கவில்லை. அங்கே கம்பெனி என்பது வணிகமல்ல, ஒரே வண்டியில் ஏறிப் போகும் வீரர் குழு. தண்ணீர் பீய்ச்சுவது எஞ்சின் கம்பெனி. கதவுடைத்து, புகைக்கு வழி திறந்து, ஆளை மீட்பது ஏணிக் கம்பெனி. கம்பெனி என்ற சொல்லின் வேரில் இருப்பது ‘பானிஸ்’, லத்தீனில் ரொட்டி. சேர்ந்து உண்பவர்களே ஆதியில் கம்பெனி. தீயணைப்பு நிலையங்களில் இன்றும் ஒரே அடுப்பில் சமைத்துக் கூடிச் சாப்பிடுகிறார்கள். நம் நாடகக் கம்பெனியிலும் அந்தப் பழம்பொருள் ஒட்டியிருந்தது. இரண்டு கம்பெனியின் கருவிகளும் ஒரே வண்டிக்கு வந்தபோது அதற்கு ‘குவின்ட்’ என்று பெயர்: பம்பு, தண்ணீர்த் தொட்டி, குழாய், இயந்திர ஏணி, கையேணிகள் என ஐந்து. ஐம்பொறி என்று சொல்ல ஆசைதான். அதைப் புலன்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘ஐங்கருவி வண்டி’ என்பேன். கம்பெனிக்கு ‘அணி’ நன்றாகவே பொருந்தும்.