கல்லூரி ஆசிரியர் பணித்திறன் பயிற்சி: நீண்டகால விளைவுகள்
கல்லூரி ஆசிரியர்களுக்கான பணித்திறன் பயிற்சி நிலைத்த பலன் தருவது, அதன் கால அளவையும் பணியிடச் சூழலையும் பொறுத்தது. 8 நாடுகளின் 22 பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்கள் கிப்ஸ், காஃபி இருவரும் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், பல மாதங்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மாணவரை மையப்படுத்திக் கற்பிக்கும் போக்குக்கு நகர்ந்தனர்; பயிற்சி பெறாதோரிடம் அம்மாற்றம் இல்லை. ஆர்வமுள்ளோரே பயிற்சிக்கு வருகிறார்கள், முன்னேற்றம் அவர்களது இயல்பால் விளைந்தது என்ற மறுப்பு வலுவானது. ஆனால் அமெரிக்காவின் கார்ல்டன் கல்லூரியிலும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் எழுத்துகளையே மதிப்பிட்ட ஆய்வு, பயிற்சியில் குறைவாகப் பங்கேற்ற ஆசிரியர்களிடமும் நிறுவனச் சூழல் வழியே பலன் பரவியதைக் கண்டது. இந்தியாவில் 1986 கல்விக் கொள்கையை அடுத்து, ஆசிரியர்களுக்கு இத்தகைய பயிற்சி தரும் கல்விசார் பணியாளர் கல்லூரிகள் தோன்றின. பயிற்சி பதவி உயர்வுக்கு நிபந்தனையானது. இது வருகையை உறுதிசெய்தது. எனினும் சான்றிதழைக் கொண்டு கற்பித்தல் மாறியதா என்று கணிக்க முடியாது. ஆண்டுகள் கழித்து மாணவர் கற்றலை ஆராய்வதே தக்க அளவுகோல்.