மைதானத்துக்கு யாருடைய பெயர்?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரும் பழைய மாணவர் சங்கங்களில் இருப்போரும் பொறுமையாக வாசியுங்கள்.

அணித் தலைவரைத் தெரிவு செய்யும் காலம் வந்தால் நம் பாடசாலைகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: யார் நன்றாக விளையாடுகிறான்? அவன் எப்படிப்பட்டவன் என்ற கேள்வி, ஏதாவது பிரச்சினை வந்த பிறகுதான் எழுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டாவது கேள்வியோடு நூறு வருடமாக மல்லுக்கட்டுகின்றன. அந்த வரலாற்றில் நமக்குப் பாடமும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

அங்கே 'ஃபுட்போல்' என்பது நமது உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், ரக்பிக்கு நெருங்கிய விளையாட்டு. பல்கலைக்கழக மாணவர்களின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேர் கூடும் மைதானங்களும் உண்டு. அப்படிப் பார்க்கும்போது அயோவா மாநிலத்தின் இரு பெரிய மைதானங்களுக்கு யாருடைய பெயர் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். இரண்டும் இளம் வயதில் இறந்துபோன இரு மாணவர்களின் பெயர்கள்.

முதலாமவர் ஜாக் ட்ரைஸ். அயோவா ஸ்டேட் கல்லூரியின் முதல் கறுப்பின விளையாட்டு வீரர். கால்நடை வளர்ப்பு படித்தார். படித்து முடித்துத் தெற்கே போய் கறுப்பின விவசாயிகளுக்கு உதவ வேண்டும் என்பது அவரது எண்ணம். 1923 ஒக்டோபர் 6 அன்று மினசோட்டா அணியுடன் ஆட்டம். அதற்கு முன்னர் ஹோட்டல் அறையில் இருந்து, தன் இனத்தின் மானமும் குடும்பத்தின் மானமும் தன் கையில் இருப்பதாக ஒரு கடிதம் எழுதி வைத்தார். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே தோள் எலும்பு முறிந்தது. விலகாமல் ஆடினார். பின்னர் எதிரணியினரின் கால்களில் மிதிபட்டார். இரண்டு நாளில் உள்ளே இரத்தம் கசிந்து மரணமானார். வயது 21.

அடுத்தவர் நைல் கின்னிக், அயோவா பல்கலைக்கழக வீரர். 1935 முதல் சிறந்த கல்லூரி வீரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் விருதை 1939இல் வென்றார். படிப்பிலும் முன்னணி. தொழில்முறை அணியொன்று அழைத்தும் போகாமல் சட்டம் படிக்கச் சென்றார். பிறகு கடற்படை விமானியானார். 1943 ஜூன் 2 அன்று பயிற்சிப் பறப்பின்போது விமானம் கடலில் விழுந்து, 24 வயதில் இறந்தார்.

இருவரையும் ஊர் நினைவில் வைத்திருந்தது உண்மை. ஆனால் மைதானத்துக்குக் கின்னிக்கின் பெயர் வந்தது 1972இல். ட்ரைஸுக்கோ 1970களில் மாணவர்கள் போராடத் தொடங்கினார்கள். 1984இல் ஆடுகளத்துக்கு மட்டும் அவர் பெயர் கிடைத்தது. முழு மைதானத்துக்கும் அவர் பெயர் வர 1997 ஆகிவிட்டது. இறந்து 74 வருடம்.

இறந்த பிறகு மதிப்பது ஒரு வகை. உயிரோடு இருக்கும்போதே மதிக்கும் வழக்கமும் மெல்ல வந்தது. சமூக சேவை செய்யும் வீரர்களை வருடாவருடம் தெரிவு செய்து கௌரவிக்கும் வழக்கம் 1992இல் தொடங்கியது. 2005இல் டேனி வூர்ஃபல் பெயரில் ஒரு விருது வந்தது. விளையாட்டு, படிப்பு இரண்டோடும் சமூக சேவையைச் சேர்த்துப் பார்க்கும் விருது அது. வூர்ஃபல் 1996இல் புளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஹைஸ்மன் விருது வென்றவர். பின்னர் நியூ ஓர்லியன்ஸில் வறிய மக்கள் வாழும் பகுதியில் பணியாற்றும் அமைப்பொன்றில் சேர்ந்து, அதையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார். 2005இல் கத்ரீனா சூறாவளியில் அவரது வீடும் மூழ்கியது. அதற்குப் பிறகும் அந்தப் பணியை விடவில்லை.

இனி எச்சரிக்கை. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணி, ஒழுக்கத்தோடு வெற்றி பெறும் அணி என்று பல காலம் நாடு முழுக்கப் புகழப்பட்டது. அதன் துணைப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் 1977இல் வறிய சிறுவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அந்த நிறுவனத்தின் வழியாகவே சிறுவர்களை நெருங்கித் துஷ்பிரயோகம் செய்திருக்கிறார் என்பது 2011இல் வெளிவந்தது. அடுத்த வருடம் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டார். சிறுவர்களை ஆபத்தில் விட்டமைக்காக அப்பல்கலைக்கழகத்தின் தலைவர் உட்பட மூன்று மூத்த அதிகாரிகளும் பின்னர் தண்டனை பெற்றார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பை விட அணியின் பெயர் பெரிதாகிப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

ஆக, சேவையும் ஒரு திரையாகலாம். சேவை என்ற பெயர் இருக்கிறது என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்கக் கூடாது. குணத்தை எடைபோட வேண்டியது, கைதட்டல் இல்லாத இடத்தில் ஒருவன் எப்படி நடக்கிறான் என்பதை வைத்துத்தான்.

நமக்கும் இது பொருந்தும். வெள்ளம் வந்தால் நம் விளையாட்டுக் கழகப் பையன்கள்தான் முதலில் தண்ணீரில் இறங்குகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது நம் ஊர்களின் பெருமை. ஆனால் நிவாரணப் பொதியை வாங்கும் தாயின் முகத்தையும் படம் பிடித்துப் போடும் பழக்கம் கூடவே வளர்ந்திருக்கிறது. முகஸ்துதி என்றால் என்னவென்று நாம்தான் அவர்களுக்குப் பக்குவமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை அணித் தலைவரைத் தெரிவு செய்யும்போது மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியரிடமும் கேட்டுப் பார்ப்போம். கீழ்வகுப்புப் பிள்ளைகளிடமும் கேட்போம். தோற்ற நாளில் அந்தப் பையன் எப்படி நடந்துகொண்டான் என்று யோசிப்போம். கோல்களின் எண்ணிக்கையில் இவை எதுவும் தெரியாது.

ட்ரைஸின் பெயரை அந்த மைதானத்தில் எழுத 74 வருடம் எடுத்தது. நம் பிள்ளை ஒருவனிடம் நல்ல குணத்தைக் கண்டால் நாம் அத்தனை காலம் எடுக்க வேண்டாம். அந்த வாரமே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம்.