சாயத்தண்ணியில் கற்ற இரசாயனவியல்

1972ஆம் ஆண்டில் நுவரெலியாவிலுள்ள எமது கல்லூரியில் ஆறாம் வகுப்புக்கு வந்தவர்கள் நாம். அவ்வாண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்படி ஒன்றிணைந்த விஞ்ஞானத்தை முதன்முதலில் கற்றவர்களும் நாமே.

அதற்கு முன் பௌதிகவியலும் இரசாயனவியலும் வசதியுள்ள பாடசாலைகளின் சொத்து. எமக்கு மூத்த அக்காமார் பலர் விஞ்ஞானத்தைத் தொடாமலே வீடு சென்றனர். புதிய திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் விஞ்ஞானம் கற்க வேண்டும். பிரதேசத் தொழில்களைத் தழுவிய தொழில் முன்னிலைப் பாடங்களும் வந்தன.

எமது ஆய்வுகூடம் ஓர் அலுமாரிதான். சில சோதனைக்குழாய்கள், பாசிச்சாயத்தாள், ஒரு வெப்பமானி. “மிச்சத்தை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்” என்றார் ஆசிரியை. தேயிலைத்தூள், தேசிக்காய், அப்பச்சோடா, ஆணி எல்லாம் வந்தன.

நீர் 100 பாகையில் கொதிக்கும் என்றது புத்தகம். எமது வெப்பமானி 94ஐத் தாண்டவில்லை. பழுது என்றோம். ஆசிரியை சிரித்தார். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் குறைவு. ஆகவே கொதிநிலையும் குறைவு. வீட்டில் பருப்பு வேகச் சுணங்குவதன் காரணம் அன்றுதான் விளங்கியது.

சாயத்தண்ணியில் தேசிப்புளி விட்டால் நிறம் வெளிறியது. அப்பச்சோடா இட்டால் கறுத்தது. அமிலத்தையும் காரத்தையும் காட்டித்தரும் பொருள் எமது கோப்பையிலேயே இருந்தது. ஆணியை ஊறவைத்தபோது இரும்பும் தேயிலைச் சாயமும் சேர்ந்து கருமை படர்ந்தது. முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்ததும் இவ்வாறே.

பின்பு தேயிலைத் தொழிற்சாலைக்குச் சென்றோம். வாட்டி உருட்டிய கொழுந்து செம்பு நிறமாவதைப் புளிக்கவைத்தல் என்பார்கள். உண்மையில் அது ஒட்சியேற்றம். இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதியம், வளியின் ஒட்சிசனைக் கொண்டு பொலிபீனோல்களை மாற்றுகிறது. சூட்டடுப்பின் வெப்பம் நொதியத்தை அழித்து அதை நிறுத்துகிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் ஆராய்ந்துவரும் விடயங்களுள் இதுவும் ஒன்று.

திரும்பும் வழியில் ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், அம்மாவின் விரல் கறுப்பும் இதுதானா?” இதுதான் என்றார். கொழுந்துச் சாறு காற்றுப்பட்டுக் கறுத்த விரல்கள் அவை. பெற்றோர் கூட்டத்தில் அம்மாமார் அவற்றை முந்தானைக்குள் மறைத்ததையும், நாம் அதைக் கண்டு நாணியதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அன்றிலிருந்து நாம் நாணவில்லை.

1975 டிசெம்பரில் புதிய தேசியப் பரீட்சை எழுதினோம். 1977இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் அப்பரீட்சையும் தொழில் முன்னிலைப் பாடங்களும் நீங்கின. 1983இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் அன்றாடப் பொருள்களிலிருந்து இரசாயனம் கற்பிக்கும் சோல்ற்றர்ஸ் பாடநெறி உருவாகத் தொடங்கியது. 1988இல் அமெரிக்க இரசாயனச் சங்கமும் சமூகத்தோடு இணைந்த பாடநூலொன்றை வெளியிட்டது. அவற்றைப் பற்றி அறிந்தபோது எமக்கு அந்த அலுமாரியே நினைவுக்கு வந்தது.

எம்மோடு தோட்டப் பாடசாலையில் இருந்த தோழிகள் பலர் ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்கூடை சுமந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பாடம் கிடைக்கவில்லை. இன்றும் மலையகத்தில் தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் போதாது. எங்கிருந்தாலும் சகோதரிகளே, நூற்றாண்டுப் பரிசாகக் கண்ணாடிக் குழாய்களை அனுப்புங்கள். ஊர் வரும்போது ஒரு வகுப்பும் எடுங்கள். மற்றவற்றைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வருவார்கள்.