பிலிப்பியர் நிருபம்

பிலிப்பியர் நிருபம், புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரால் வழங்கும் 13 நிருபங்களுள் ஒன்று. 4 அதிகாரங்களும் 104 வசனங்களும் கொண்டது. கத்தோலிக்கர் இதைத் திருமுகம் என்பர். சோழர் கல்வெட்டுகளில் அரசன் விடுத்த ஓலைக்குத் திருமுகம் என்று பெயர். ஆலவாய் இறைவன் பாணபத்திரர் கையில் சேரமான் பெருமாளுக்குக் கொடுத்தனுப்பியதாகச் சைவர் போற்றும் ஓலையும் திருமுகப் பாசுரமே. நிருபம் என்பதும் அரசாணையைக் குறித்த சொல்தான். ஆனால் இக்கடிதத்தில் ஆணையின் தொனி இல்லை. காவலில் இருந்த ஒருவர், தமக்கு எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பிய எளிய சபைக்கு எழுதிய நன்றிக் கடிதம் இது. அரண்மனைக் காவலரையும் இராயன் வீட்டாரையும் பவுல் குறிப்பிடுவதால், எழுதிய இடம் உரோமாபுரி என்று மரபாகக் கொள்வர்.

பிலிப்பி, மக்கெதோனியாவில் தங்கச் சுரங்கங்களுக்கு அருகே இருந்த ஊர். அலெக்சாந்தரின் தந்தை இரண்டாம் பிலிப்பு கி.மு. 356இல் அதைக் கைப்பற்றித் தன் பெயரைச் சூட்டினான். கி.மு. 42இல் அந்தோணியும் ஒக்தாவியனும் புரூட்டஸ், காசியஸ் படைகளை வென்றது இங்கேதான். போருக்குப்பின் வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினர். ஊர் உரோமைக் காலனி ஆயிற்று. உரோமை கடல்தாண்டி இருந்தும் இங்கே நடந்தது உரோமைச் சட்டம். கல்வெட்டுகளின் மொழி பெரும்பாலும் இலத்தீன். கி.பி. 50 வாக்கில் வந்த பவுல், ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களிடம் பேசினார். அவர்களுள் தியத்தீராவிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்ற லீதியாள் முதலில் நம்பினாள். பவுல் அடிபட்டுச் சிறையில் கிடந்ததும், சிறைக்காவலன் அவருடைய காயங்களைக் கழுவியதும் இவ்வூரில்தான்.

நிருபத்தின் ஆவிக்குரிய பொருள் 3:20இல் வரும் ‘பொலித்தேயுமா’ என்ற கிரேக்கச் சொல்லில் இருக்கிறது. ஒருவர் எந்த நகரத்தின் குடி என்பதைச் சொல்லும் சொல் அது. பிலிப்பியில் உரோமைக் குடியுரிமை சிலருக்கே உண்டு, அடிமைக்கு இல்லை. விசுவாசிகளின் குடியுரிமை பரலோகத்தில் என்ற வாக்கோ சபையில் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. தமிழில் இந்நிருபம் 1715இல் சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டோடு தரங்கம்பாடியில் அச்சேறியது. 1772இல் பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பாக, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடிபட்ட அச்சுப்பொறி இருந்த வேப்பேரியில் மீண்டும் வந்தது. இன்று சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் வேதாகமத்தில் ‘பொலித்தேயுமா’ என்பது ‘குடியிருப்பு’. 1995இல் வந்த திருவிவிலியத்தில் ‘தாய்நாடு’. இரண்டில் பழையதே நெருக்கமானது. குடி என்ற சொல்லில் குடும்பம், ஊர், அரசின் குடி எல்லாம் அடங்கும். தாய்நாடு பிறப்பால் வருவது. பவுல் சொன்னதோ பிறப்பால் வராதது.

2:6–11இல் கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் உருவெடுத்தது பாடப்படுகிறது. இது வெறும் தத்துவமன்று. எவோதியாள், சிந்திகேயாள் என்ற இரு ஊழியக்காரிகளின் மனவருத்தம் தீரவேண்டிச் சொன்னதாகவும் கொள்ளலாம். மேன்மையை இறுகப் பற்றிக்கொள்ளாதவரைக் காட்டிய பிறகே, ஒருமனப்படும்படி இருவரையும் பவுல் பெயர்சொல்லி வேண்டுகிறார்.

பிலிப்பியைப் போலன்றித் தமிழகத்தில் ‘காலனி’ என்ற சொல் குடியேறியவரின் பெருமையைச் சொல்லவில்லை. பல ஊர்களில் சேரிக்கு இட்ட பெயராகி வசையாக மாறியது. அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அச்சொல்லைச் சுமந்த தெருக்களில் வாழும் கிறிஸ்தவர்களுக்கு 3:20 பிலிப்பியருக்கு இருந்ததைவிட நெருங்கிய வசனம்.

இன்று தமிழகத்தின் சபைகளிலும் இந்நிருபம் வாசிக்கப்படுகிறது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் அடிக்கடி காண்பது ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்னும் 4:13. பட்டினியும் நிறைவும் பழகியவர் சொன்னது என்பதைக் காட்டும் 4:12 அதனுடன் அச்சிடப்படுவது அரிது.