பூந்தொட்டியில் தீவுகளுக்குப் போன நம்ம ஊர்ப் புழுப்பாம்பு



நேற்றைய மழையில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் ஒரு புழுப்பாம்பு வந்துவிட்டது. பேத்தி அலறினாள். எனக்கோ பழைய குற்ற உணர்வு. ஆசிரியராக இருந்தபோது, வகுப்பறைக்குள் வந்த ஒன்றை, "காதுக்குள் புகுந்துவிடும்" என்று சொல்லி, பிள்ளைகள் முன்னாலேயே செருப்பால் நசுக்கியவன் நான். பாட்டி சொன்ன பயத்தைப் பாடமாகவே நடத்திவிட்டேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், விஷப்பாம்பு எது, விஷமில்லாதது எது என்று மக்கள் பிரித்தறிய வேண்டுமென 1796இல் படங்களுடன் நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான். விசாகப்பட்டினத்தில் கிடைத்த புழுப்பாம்பும் அதில் உண்டு. தெலுங்கில் 'இரண்டு தலைப் பாம்பு' என்று குறித்திருந்தார். தலையும் வாலும் ஒன்றுபோலத் தெரியுமல்லவா! அந்தப் படத்தை வைத்தே 1803இல் பிரெஞ்சு அறிஞர் டோடின் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

ஒரு சாண் நீளம்கூட வராது. விஷமில்லை. கண்கள் செதிலுக்குள் இரு கரும்புள்ளிகள். வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். உணவு எறும்பு, கறையான்களின் முட்டையும் புழுவும். அறிந்தவரை எல்லாமே பெண். இணை சேராமலே முட்டையிடும். ஆகவே தொட்டி மண்ணில் ஒன்று ஒளிந்திருந்தாலே போதும், போகிற இடத்தில் குடும்பம் பெருகிவிடும். செடிகளோடு கப்பலேறி மொரீஷியஸ், செஷல்ஸ் என்று தீவு தீவாகப் பரவியது இப்படித்தான். இயற்கையில் நிலப்பாம்பே இல்லாத ஹவாயில் 1930இல் தென்பட்டது. பூந்தொட்டிப் பாம்பு என்றே உலகம் அழைக்கிறது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் எருக்குழியைக் கிளறினாலும் இது நெளியும். மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வருகிறது. நம் காதைத் தேடி அல்ல.

ஒரு எச்சரிக்கை: சின்னதெல்லாம் புழுப்பாம்பு அல்ல. கட்டுவிரியன் குட்டியும் சின்னதுதான். கையால் தொடாதீர்கள்.

நேற்று வந்ததை முறத்தில் அள்ளி வாழையடியில் விட்டேன். பேத்தி பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்று என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் யாரேனும் இதைப் படித்தால், அந்தப் பாடத்தை அழித்துவிடுங்கள்.