தரங்கம்பாடி: பழங்கட்டடங்களும் பாதுகாப்பும்

மயிலாடுதுறை மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை டேனியரின் வணிகத் தளமாக இருந்தது. கோட்டை, தேவாலயங்கள், பங்களாக்கள், திண்ணை வீடுகள் எனப் பல காலத்துக் கட்டடங்கள் இங்கே சில தெருக்களுக்குள் நெருங்கி நிற்கின்றன.

டேனியருக்கு முந்தைய ஊரைப் பற்றிக் கிடைக்கும் சான்றுகளில் தலையானது மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில் எழுந்த இக்கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

டேனியர் காலத்துக்கு ஆவணங்கள் ஏராளம். கண்டி அரசருடன் உறவு தேடி இலங்கைக்குப் புறப்பட்டு வந்த ஓவ் ஜெட்டி என்ற தளபதி, அம்முயற்சி பலிக்காமல் போகவே, 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன்னேட்டில் அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அதே ஆண்டில் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையில் கீழ்த்தளம் கிடங்காகவும், மேல்தளம் ஆளுநரும் போதகரும் தங்குமிடமாகவும் பயன்பட்டன. டேனியர் கட்டிய கோட்டைகளில் இது இரண்டாவது பெரியது என்று சொல்வதுண்டு. எதை வைத்து அளந்தார்கள் என்பது தெளிவாக இல்லை.

சீயோன் ஆலயம் 1701இல் எழுந்தது. 1706இல் வந்திறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் ஆண்டு 1718. அதன் முகப்பில் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் எழுத்து முத்திரை கிரீடத்துடன் இருக்கிறது. அடுத்த ஆண்டே இறந்த சீகன்பால்கு அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். ஊருக்குள் நுழைவோரை இன்றும் வரவேற்கும் வாயில் 1792இல், நார்வேயரான ஆளுநர் பீட்டர் அங்கர் காலத்தில் கட்டப்பட்டது. அங்கர் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர். அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள் ஆஸ்லோவில் உள்ளன. அக்காலத் தரங்கம்பாடி எப்படி இருந்தது என்று அறிய, நிர்வாகக் குறிப்புகளைவிட அவையே இனிய வழி.

1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்ந்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்குக் கைமாறின. இங்கிருந்த மாவட்டத் தலைமையிடமும் பின்னர் வேறிடத்துக்குப் போனது. ஆளுநர் பங்களா உப்புக் கிடங்கானது; கோட்டை நெடுங்காலம் பயணியர் விடுதியாக இருந்தது. இடித்துக் கட்டப் பணமில்லாத ஊரானதால்தான் பழைய தெருக்கள் தப்பின என்பது ஒரு கருத்து. பராமரிக்க ஆளின்றி விழுந்த வீடுகளை அக்கருத்து கணக்கில் எடுப்பதில்லை.

1970களின் பிற்பகுதியில் மாநிலத் தொல்லியல் துறை கோட்டையைத் தன் பொறுப்பில் எடுத்து அருங்காட்சியகம் அமைத்தது. 2000களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் தரங்கம்பாடி சங்கம் கோட்டைச் சீரமைப்புக்குத் துணை நின்றது. பழைய கலெக்டர் பங்களா விடுதியாக மாறியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மீனவர் குடியிருப்பு பெருஞ்சேதம் அடைந்தது. அலையின் வேகத்தைக் கரையோரப் பழஞ்சுவர்கள் எவ்வளவு தணித்தன என்பதில் கருத்து ஒன்றாக இல்லை.

அதன்பிறகே பாதுகாப்பு டேனியக் கட்டடங்களைத் தாண்டி வந்தது. கோல்ட்ஸ்மித் தெருவின் தமிழ் வீடுகளை இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு சீரமைத்தது: நாட்டு ஓட்டுக் கூரை, மரத்தூண், தெருவைப் பார்த்த திண்ணை. உப்புக்காற்று ஊறிய செங்கலின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். உப்பு பூத்து, பூச்சு செங்கல் தோலோடு பெயர்ந்து விழும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும். பழங்கட்டடச் சீரமைப்பில் கொத்தனார்கள் கடுக்காய், வெல்லம் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைக்கும் பழைய முறைக்குத் திரும்புவது இதனால்தான். ஆளுநர் பங்களாவை டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் இன்டாக்கும் இணைந்து மீட்டெடுத்தன.

2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானபோது தரங்கம்பாடி அதில் சேர்ந்தது. மாசிலாமணிநாதர் கோயிலுக்கு முன்னே அலையைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன.