'10 ஜிகாபிட் வேகம்'னு சொல்றாங்களே, நெரிசலில் அது தாங்குமா? நெட்வொர்க்கைச் சோதிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் வேலை செய்வது எப்படி?

தேர்வு முடிவு வெளியாகும் நாள், வாக்கு எண்ணிக்கை நாள், பண்டிகை கால டிக்கெட் முன்பதிவு தொடங்கும் நிமிடம். லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மொபைலைத் திறக்க, பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்போம்.

'சர்வர் டவுன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் எப்போதும் சர்வர் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. வழியில் இருக்கும் ரவுட்டர், ஃபயர்வால், நெட்வொர்க் கார்டு என எது வேண்டுமானாலும் திணறலாம்.

அப்படி ஒரு நாள் வருவதற்கு முன்பே, செயற்கையாக நெரிசலை உருவாக்கி இந்தக் கருவிகளைச் சோதிக்க முடியும். அதற்கு ஒரு லினக்ஸ் கணினியும் சில வரி ஷெல் ஸ்கிரிப்ட்டும் போதும். எப்படி என்று பார்க்கலாம்.

வேகம் என்றால் எந்த வேகம்?

'விநாடிக்கு 10 ஜிகாபிட்' என்று பெட்டியில் போட்டிருப்பது தரவின் அளவை மட்டுமே சொல்கிறது. ஆனால் ரவுட்டருக்குச் சுமை தருவது பாக்கெட்டுகளின் எண்ணிக்கை.

சுங்கச்சாவடியை நினைத்துப் பாருங்கள். 20 டன் சரக்கு ஒரே லாரியில் வந்தால் ஒரு ரசீது போதும். அதே சரக்கு 20 சின்ன வண்டிகளில் வந்தால் 20 ரசீது போட வேண்டும். சரக்கு ஒன்றுதான், கவுன்ட்டரில் இருப்பவருக்கு வேலை 20 மடங்கு.

நெட்வொர்க்கிலும் இதே கதைதான். ஈதர்நெட்டில் வழக்கமான பெரிய ஃப்ரேமின் அளவு 1,518 பைட். 10 ஜிகாபிட் இணைப்பில் இவை விநாடிக்குச் சுமார் 8.12 லட்சம் போகும். மிகச் சிறிய 64 பைட் ஃப்ரேம்களாக அனுப்பினால், இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், விநாடிக்குச் சுமார் 1.48 கோடி போகும்.

அதாவது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ விநாடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் பிராசஸர் அந்த நேரத்தில் சுமார் 200 முறைதான் துடிக்கும். அதற்குள் பாக்கெட்டை வாங்கி, முகவரி பார்த்து, அனுப்பிவிட வேண்டும். அதனால்தான் பெரிய பாக்கெட்டில் பாஸ் ஆகும் கருவி, சின்ன பாக்கெட்டில் ஃபெயில் ஆகிறது.

ஷெல் ஸ்கிரிப்ட்டால் இவ்ளோ வேகம் முடியுமா?

நேரடியாக முடியாது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு கட்டளையை ஓடவிட்டால், விநாடிக்குச் சில ஆயிரத்தைத் தாண்டுவதே கஷ்டம்.

இங்கேதான் 'பிகேடிஜென்' வருகிறது. லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் பாக்கெட் உற்பத்திக் கருவி இது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஓல்சன் இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். வழக்கமான நெட்வொர்க் அடுக்குகளைத் தாண்டி, கார்டின் டிரைவரிடம் இது பாக்கெட்டை நேரடியாகக் கொடுத்துவிடும். ஒரே பாக்கெட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் செய்யும். வேகத்தின் ரகசியம் அதுதான்.

ஷெல் ஸ்கிரிப்ட்டின் வேலை உத்தரவு போடுவது மட்டும்:

1. ரூட் அனுமதியோடு பிகேடிஜென் மாட்யூலை ஏற்ற வேண்டும்.

2. பிராசஸரின் ஒவ்வொரு கோருக்கும் ஒரு பிகேடிஜென் த்ரெட் இருக்கும். எந்த த்ரெட் எந்த நெட்வொர்க் கார்டு வழியாக அனுப்ப வேண்டும் என்று ஒதுக்க வேண்டும்.

3. பாக்கெட் அளவு, எண்ணிக்கை, போய்ச் சேர வேண்டிய ஐபி முகவரி, மேக் முகவரி ஆகியவற்றை 'ப்ராக்' டைரக்டரியில் உள்ள ஃபைல்களில் எழுத வேண்டும்.

4. கடைசியாக 'ஸ்டார்ட்' என்று எழுத வேண்டும். அவ்ளோதான், பாக்கெட் மழை ஆரம்பித்துவிடும்.

இதற்கான மாதிரி ஸ்கிரிப்ட்டுகள் லினக்ஸ் கெர்னல் மூல நிரலின் 'சாம்பிள்ஸ்' ஃபோல்டரிலேயே கிடைக்கின்றன.

ஏமாற்றும் எண்கள்

அனுப்பிய கணினி காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கோடிக்கணக்கில் அனுப்பியதாக அது காட்டும். எதிர்முனையில் எத்தனை வந்து சேர்ந்தன, எத்தனை தொலைந்தன என்பதே உண்மையான ரிசல்ட்.

எல்லா பாக்கெட்டிலும் ஒரே முகவரி, ஒரே போர்ட் இருந்தால், வாங்கும் கணினி அத்தனையையும் ஒரே கோருக்குத் தள்ளிவிடும். மற்ற கோர்கள் சும்மா இருக்கும். நிஜக் கூட்டம் அப்படி வருவதில்லை. எனவே முகவரியையும் போர்ட்டையும் மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, பிகேடிஜென் அனுப்புவது யுடிபி பாக்கெட் மட்டுமே. பாதை தாங்குமா என்று இது சொல்லும். இணையதளத்தின் டேட்டாபேஸ் தாங்குமா என்று சொல்லாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்.

விதிமுறை என்ன சொல்கிறது?

1999-ல் வெளியான ஆர்எஃப்சி 2544 ஆவணம் இதற்கான அடிப்படை. 64 முதல் 1,518 பைட் வரை ஏழு அளவுகளில் சோதிக்க வேண்டும். ஒரு பாக்கெட்கூடத் தொலையாமல் தாங்கும் அதிகபட்ச வேகம்தான் அந்தக் கருவியின் உண்மையான திறன்.

வீட்டிலோ ஆபீஸிலோ முயற்சி செய்யலாமா?

பயன்பாட்டில் இருக்கும் நெட்வொர்க்கில் வேண்டவே வேண்டாம். மேக் முகவரியைத் தவறாகக் கொடுத்தால், யாருக்கு அனுப்புவது என்று தெரியாத ஸ்விட்ச், அத்தனை பாக்கெட்டையும் எல்லா போர்ட்டுக்கும் தள்ளும். ஆபீஸ் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிடலாம். எண்ணிக்கையை பூஜ்ஜியம் என்று கொடுத்தால், நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதும் கவனிக்க வேண்டியது.

பயன்பாட்டில் உள்ள நெட்வொர்க்கில் இந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது என்று 2012-ல் வந்த ஆர்எஃப்சி 6815 தெளிவாகச் சொல்கிறது. சோதனைக்கென்றே 198.18 மற்றும் 198.19 என்று தொடங்கும் ஐபி முகவரிகள் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளன.

அடுத்தவர் நெட்வொர்க் மீது அனுமதியில்லாமல் இதை ஏவினால் அது சோதனை அல்ல, தாக்குதல். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பாதுகாப்பான வழி எளிமையானது. இரண்டு கணினிகள், நடுவில் சோதிக்க வேண்டிய கருவி, வெளி இணைப்பு எதுவும் இல்லாத தனி கேபிள். அங்கே பாக்கெட் தொலைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ரிசல்ட் நாளில் தொலைந்தால், காத்திருப்பவர்களின் மொபைலில் பக்கம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.